தண்ணீர் விடாதவர்

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தையே ஒரு தடையாக இருந்தது. தென்னிலண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த முதற்கோடை அது. பின்புறப் புல்தரைக்கு நான் குழாயால் நீர் தெளித்துக்கொண்டிருந்தேன். காற்றுத் திசைமாறியதில் தூவல் மரவேலியைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் போயிருக்க வேண்டும். வேலிக்கு மேலே நரைத்த தலையொன்று எழுந்தது.

"தம்பி, இஞ்சாலை தண்ணி விடாதையும்."

"ரெண்டு சொட்டுதான் சார் விழுந்திருக்கும். மன்னிச்சுக்கங்க."

"ரெண்டு சொட்டும் வேண்டாம். சாரும் வேண்டாம். நான் என்ன பள்ளிக்கூட வாத்தியாரே? அண்ணை எண்டு சொல்லும், காணும்."

போதும் என்று நாம் சொல்லுமிடத்தில் ஈழத்தவர் காணும் என்பார்கள். மதுரைக்காரனாகிய எனக்கு அச்சொல் அன்று புதிது. பிறகு அதை அவர் வாயிலிருந்து கேளாத நாளில்லை. தேநீர் அரைக்கோப்பை ஆனதும் காணும். தொலைபேசியில் மகள் இரண்டாம் முறை நலம் விசாரித்தால் காணும். டூட்டிங்கில் அவர் வழக்கமாகச் செல்லும் உணவகத்தில் சொதி ஊற்ற வருபவரைக் கண்டதும் தட்டின்மேல் கையைக் கவிழ்த்துக்கொள்வார். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்: "அண்ணை சாப்பிட வாறேல்லை, தம்பி. சோறு இருக்கோ எண்டு பாத்திட்டுப் போக வாறவர்."

அவருக்கு அந்தக் கேலி பிடிக்கும். ஆனால் சிரிப்பையும் அளவாகவே செலவிடுவார்.

அன்று அவர் இரண்டு சொட்டு நீருக்கும் அஞ்சிக் காத்துநின்ற பொருளை மறுநாள் வேலியோரம் அழைத்துக் காட்டினார். தோட்டத்தின் கடைக்கோடியில் உடைந்த செங்கல்லும் பருமணலும் சரளையும் கொட்டி முழங்காலளவுக்கு ஒரு மேடு எழுப்பியிருந்தார். அதன் நடுவில் ஆளுயரத்தில் நின்றது செடி. செடி என்பதா, குறுமரம் என்பதா என்று துணிய முடியாத வடிவம். முறுகி முறுகி எழுந்த அடித்தண்டு உலர்ந்த குருதியின் நிறம் கொண்டிருந்தது. எண்ணெய் பூசித் துடைத்தாற்போன்ற வழவழப்பு. அங்கங்கே மேற்பட்டை கறுவாச் சுருள்போல உரிந்து நின்றது. சாம்பல் கலந்த பச்சை இலைகள் வெயிலுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பை மட்டும் காட்டிச் செங்குத்தாக நின்றன.

"மன்சனீட்டா," என்றார். குட்டி ஆப்பிள் என்பது பொருளாம். காயின் வடிவத்தைப் பார்த்து ஸ்பானியர் இட்ட பெயர். மகள் கலிபோர்னியாவில் வேலையாயிருந்தாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், கோடை முழுதும் ஒரு துளி மழையும் காணாத மலைச்சரிவில், இது தானாகப் பச்சைபிடித்து நின்றதைக் கண்டிருக்கிறார். ஊர் திரும்பிய பின் இங்குள்ள நாற்றுப் பண்ணைகளில் தேடி வாங்கி நட்டார். முதலில் நட்ட இரண்டும் செத்துப்போயின. இது மூன்றாவது.

"இதுக்கு உரம் போடக் கூடாது. நல்ல மண் குடுக்கக் கூடாது. பிடுங்கி வேறை இடத்திலை வைக்கக் கூடாது. வெயிலாலை இது சாகாது, பனியாலையும் சாகாது. கோடையிலை மண் சூடாயிருக்கேக்கை ஆரும் பாவம் பாத்துத் தண்ணி விட்டால் வேர் அழுகிச் செத்துப்போகும். பாவம் பாக்கிற ஆக்களட்டையிருந்துதான், தம்பி, இதைக் காப்பாத்த வேணும்."

சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி, பின்னாளில் நான் அக்கா என்று அழைத்தவர், தலைநிமிராமலே பதில் சொன்னார்.

"பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறது கொலையெண்டு சொல்லுற ஒரேயொரு ஆள் இவர்தான். முதல் இரண்டையும் நான் சாகடிச்சுப்போட்டனாம். ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறார்."

"இஞ்சாரும், பொய்யே?"

"இல்லை, மெய்தான். வாடி நிண்டுது, விட்டனான். வாடி நிண்டால் இனியும் விடுவன்."

அக்கா அப்படிச் சொன்னாரே தவிர விடவில்லை. தோட்டத்தின் குறுக்கே ஒரு செங்கல் வரிசை பதிக்கப்பட்டிருந்தது. வாசற்பக்கம் அக்காவின் நிலம்: பச்சைமிளகாய், கத்தரி, தக்காளி, குளிருக்கு உள்ளே எடுத்துவைக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகள். மாலைதோறும் அங்கே நீர் பாயும். செங்கல்லுக்கு அப்பால் அவருடைய வறண்ட அரசு. அக்கா நீர் பாய்ச்சும் முறையே வேறு. தூவுவதில்லை. பாத்திகளுக்கிடையே சிறு வாய்க்கால் வெட்டிக் குழாயைத் திறந்துவிடுவார். ஒரு பாத்தி நிறைந்ததும் சிறு மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததன் வாயைத் திறப்பார். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் இதைத் தண்ணி மாறுதல் என்பார்களாம். கிணற்றடியில் அப்பு, அதாவது தந்தை, இறைப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, பாத்தியடியில் மகள் மண்வெட்டியோடு நிற்பாள். கடைசிப் பாத்தி நிறைந்ததும் குரல் கொடுப்பாள். அந்தக் குரலை இலண்டனிலும் அக்கா விடவில்லை. குழாயடியில் நிற்கும் கணவரை நோக்கி, அவர் செவிடர் என்பதுபோலக் கூவுவார்: "காணும்! நிப்பாட்டுங்கோ!"

அவர் "ஓம்" என்று சொல்லிக் குழாயை மூடுவார்.

ஒரு கோடையில் தோட்டங்களுக்குக் குழாய்நீர் விடலாகாது என்று தடை வந்தது. எங்கள் தெருவில் புல்லெல்லாம் வைக்கோலானது. மன்சனீட்டா மட்டும் நேற்று நட்டதுபோல் நின்றது. அவர் என் புல்தரையை வேலிக்கு மேலாக நெடுநேரம் பார்த்தார். "குடிச்சுக் குடிச்சுப் பழகினது. ஒரு மாதம் குடுக்காட்டில் செத்துப்போச்சு, பாத்தீரே?" என்றார். அவரிடம் நான் கண்ட ஒரே செருக்கு அது.

இவ்வியல்பு இரக்கமின்மை என்று எண்ணிவிடக் கூடாது. என் தந்தை மதுரையில் காலமான அன்று எனக்கு விமானச்சீட்டுக் கிடைக்கவில்லை. செய்தி கேட்டு வந்தவர்கள் உணவோடும் ஆறுதலோடும் வந்தார்கள். விதி என்றார்கள், நல்ல சாவு என்றார்கள், தம்முடைய தந்தையர் இறந்த கதைகளைச் சொன்னார்கள். அவர் வெறுங்கையோடு வந்து என் அருகில் அமர்ந்தார். வட இலண்டன் எட்மண்டனிலிருந்து வந்திருந்த என் உறவினர் ஒருவர் நான்காம் முறையாக என்னைத் தேற்றத் தொடங்கியபோது, "அவரைக் கொஞ்சம் விடுங்கோ" என்றார். எல்லாரும் போனபின் எழுந்தார். "அழுதது காணும். இனி நித்திரை கொள்ளும்." அன்று எனக்கு உதவிய மனிதர் அவர் ஒருவரே.

அதே இயல்பைக் கண்டு நான் அஞ்சத் தொடங்கியது அக்காவின் நினைவு தளரத் தொடங்கிய பிறகு.

முதலில் அக்கா என் பெயரை மறந்தார்; பிறகு மகள் இருக்கும் நாட்டை; பிறகு அடுப்பை. இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் மாலை அக்கா செங்கல் வரிசையை மறந்தார். மண்வெட்டியோடு அதைத் தாண்டிப்போய் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்.

"இஞ்சாரும், அங்காலை வேண்டாம்."

"கண்டு வாடுதெல்லே?" கன்றைத்தான் அக்கா கண்டு என்பார்.

"அது வாடேல்லை. அதின்ரை நிறமே அப்பிடித்தான்."

"நீங்கள் ஆர் அதைச் சொல்ல? அப்பு வரட்டும், சொல்லிக் குடுக்கிறன்."

காலையில் அவர் வாய்க்காலைத் தூர்ப்பார். மாலையில் அக்கா வெட்டுவார். கலிபோர்னியாவிலிருந்து மகள் தொலைபேசியில் அவரிடமும் என்னிடமும் மன்றாடினாள். கவுன்சிலில் சொன்னால் நாளுக்கொரு நேரமாவது பராமரிப்பாளர் வருவார். பகலில் கொண்டுபோய் வைத்திருக்கும் நிலையங்கள் உண்டு. தானே விடுப்பெடுத்து வருகிறேன் என்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு அவருடைய மறுமொழி மட்டும் கேட்கும். "வேண்டாம் பிள்ளை. ஆக்கள் வந்து போனால் அவ இன்னும் குழம்பிப்போவா. எங்களுக்கு நாங்கள் காணும்."

அவர் அவ்வாறு நம்பினார் என்பதில் ஐயமில்லை. தொந்தரவு செய்யாமல், இடம்பெயர்க்காமல், மிகையாக ஒன்றும் கொடாமல் விட்டால் உயிர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதற்கு அவர் தோட்டத்தில் ஒரு சான்று நின்றது.

வெயில் ஏறியது. அவர் தோட்டக் குழாயின்மேல் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்திப் பூட்டினார். அக்கா சமையலறையிலிருந்து சட்டியில் நீர் சுமந்தார். அண்ணன் கழுவுதொட்டியின் அடியில் குனிந்து, வீட்டுக்கு நீர் வரும் தலைக்குழாயையே நண்பகல் உணவுக்குப் பின் மூடலானார். மாலை மயங்கியபின் திறப்பார். அந்நேரங்களில் அக்கா வேலியோரம் வந்து நிற்பார்.

"தம்பி, உங்கட கிணத்திலை தண்ணி கிடக்கே? எங்கட மிசின் பழுது."

"குடிக்கவா அக்கா?"

"கண்டுக்கு."

நான் கண்ணாடிக் குவளையில் நீர் நீட்டினால் வாங்கிக்கொள்வார். என் கண்ணெதிரே நிலத்தில் ஊற்றுவார். அண்ணனிடம் இதைப் பேசாதிருக்க எனக்கு இயலவில்லை.

"அண்ணே, வீட்டுக்கே தண்ணிய நிறுத்துறது சரியில்ல. அக்கா குடிக்கணும்ல?"

"போத்தில் வைக்கிறன். பக்கத்திலை, கதிரையடியிலை. பின்னேரம் பாத்தால் வெறும் போத்தில்தான் கிடக்கு. வடிவாக் குடிக்கிறா."

"ஒரு செடிக்காகவா அண்ணே இவ்வளவு?"

அவர் செடியின் பக்கம் திரும்பினார். உரிந்து தொங்கிய பட்டைச் சுருள் ஒன்றைத் தொட்டார், கிள்ளவில்லை.

"அவவுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தம்பி. இதுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியும்."

அவ்வாண்டின் கொடிய வெப்பத்தில் ஒரு மாலை வேலிக்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, ஒருக்கா வாரும்." அதற்கு முன் அவர் எதற்கும் என்னை அழைத்ததில்லை. ஓடினேன். அக்கா சமையலறைத் தரையில் கிடந்தார். உதடுகள் வெடித்திருந்தன. கையைப் பற்றித் தூக்கியபோது என் விரல்பட்ட இடத்தில் தோல் மடிந்தபடியே நின்றது. நாற்காலியின் அருகில் சிறு நெகிழிப் போத்தல் ஒன்று, மூடியின்றி, வெறுமையாக இருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அவரிடம் பொறுமையாகவே பேசினார். வெளியே வந்ததும் அண்ணன் எனக்குச் சொன்னார், நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தும்: "உடம்பிலை தண்ணி இல்லையாம், தம்பி." சிறிது பொறுத்து மறுபடியும் சொன்னார்: "தண்ணி இல்லையாம்."

மாற்றுடை எடுப்பதற்காக மறுநாள் காலையில் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் படியேறாமல் நேரே தோட்டத்துக்குள் போனார். உடுப்புப் பையோடு தேடிச் சென்றபோது மேட்டின்மேல் மண்டியிட்டிருந்தார். மன்சனீட்டாவின் அடியில், சரளைக்கற்களின் இடுக்குகளில், நீலநிறப் போத்தல் மூடிகள் கிடந்தன. சில வெளுத்திருந்தன; சில புதியவை. கற்களுக்குக் கீழே மண் ஈரமாயிருந்தது. அவர் மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவ குடிக்கேல்லை," என்றார்.

நான் பையைத் தரையில் வைத்தேன்.

அக்காவின் சிறுநீரகங்கள் பெரிதும் பழுதடைந்திருந்தன. பூட்டிய குழாயைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தார். அக்காவை இனி இவரிடம் விடலாமா, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்பதே கேள்வி. அண்ணன் மொழிபெயர்க்க என்னையும் அழைத்துக்கொண்டார்; அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் திருத்தமானது. தகரப் பெட்டியை முன்னரே பெயர்த்தெறிந்திருந்தார். வந்தவரை அறையறையாக அழைத்துச் சென்று வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் திறந்து காட்டினார். கழுவுதொட்டி, குளியலறை, மாடி, கடைசியில் தோட்டம். எல்லாவற்றிலும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் பராமரிப்பாளர் வரலாமா? வரலாம். அக்கா குடிக்கும் நீரை அவர் நின்று பார்க்க வேண்டுமே? பார்க்கட்டும். மகள் வருவாளா? வரச்சொல்லிவிட்டேன்.

"அவை கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டிட்டன்," என்றார் என்னிடம். "இல்லையெண்டு சொல்லுறதுக்கு இனி என்னட்டை ஒண்டுமில்லை."

அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று தொடங்கியது நான் மறக்க முடியாத அந்த வழக்கம். மாலையானதும் பராமரிப்பாளர் அக்காவை நடத்திக்கொண்டுவந்து மேட்டின் அருகே ஒரு நாற்காலியில் அமர்த்துவார். நீண்ட காம்பு பொருத்திய மண்வெட்டியை அண்ணன் அக்காவின் கையில் கொடுப்பார். கழிந்த நாள்களில் அவரே தூர்த்த வாய்க்காலை அவரே திரும்ப வெட்டிவைத்திருந்தார். குழாயடியிலிருந்து செங்கல் வரிசையை உடைத்துக்கொண்டு மன்சனீட்டாவின் தூர்வரை. பிறகு குழாயடிக்குப் போய்த் திறப்பார். நீர் வரும். அக்கா காம்பைச் சாய்த்து மண்ணைத் தள்ளித் தண்ணீர் மாறுவார். கோடையின் பிற்பகுதி, மண் இன்னும் சூடாகவே இருந்தது. அந்தச் செடிக்கு அதைவிடக் கொடிய பருவம் இல்லை என்பதை எனக்குக் கற்பித்தவர் அவர்தான். மேடு குளமாகும்வரை குழாயின்மேல் கைவைத்தபடி நிற்பார்.

"காணும்! நிப்பாட்டுங்கோ!"

"ஓம்."

இலையுதிர்காலம் வந்து, எங்கள் தெருவின் மரங்களெல்லாம் மொட்டையாகின. மன்சனீட்டா பச்சையாகவே நின்றது. தை கழிந்ததும் பூத்தது. அத்தனை பூ அதற்கு முன் நான் கண்டதில்லை. கிளைதோறும் வெண்சிவப்புக் குடுவைகளாகக் கொத்துக்கொத்தாய்த் தலைகீழாகத் தொங்கின. குளிரில் வழிதவறிய ஒரு பெருவண்டு அவற்றைச் சுற்றி முரன்றுகொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்து வாசலில் இருந்த அக்கா அதைப் பார்த்தார். அவர் முகம் அன்று தெளிந்திருந்தது. பழைய குறும்புகூட எட்டிப்பார்த்தது.

"பாத்தீங்களே? தண்ணி விட்டாப்பிறகுதான் பூத்திருக்கு. நான் சொல்லச் சொல்லக் கேட்டனீங்களே?"

"ஓம்," என்றார் அவர். "என்ரை பிழைதான்."

அக்காவை உள்ளே கொண்டுபோனபின் நான் வேலியோரம் நின்று, "செடி தப்பிச்சிருச்சு அண்ணே. எவ்வளவு பூ!" என்றேன். அவர் மேட்டில் ஏறி அடித்தண்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். உயிருள்ள தண்டில் பட்டைக்கடியில் பச்சை இருக்க வேண்டும். தேயிலைச் சக்கையின் நிறம் இருந்தது. இன்னும் சற்று மேலே கீறினார். அங்கும் அதுவே.

"இது செத்துக் கனநாள், தம்பி. இலைக்கு இன்னும் சேதி போகேல்லை."

அவர் வீட்டுக்குள் திரும்பும்போது கொத்தொன்றை ஒடித்துக்கொண்டு போனார். அக்காவின் படுக்கையருகே அதை நீரில் வைத்திருந்ததாகப் பராமரிப்பாளர் சொன்னார்.

பங்குனியில் அக்கா இறந்தார். மகள் வந்தாள், தன்னோடு வந்துவிடும்படி தந்தையை வற்புறுத்தினாள். கோடை முடிந்து வருகிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். மன்சனீட்டாவின் இலைகள் ஒன்றுகூட உதிரவில்லை. கிளையில் இருந்தபடியே சாம்பலாகி, பின் செம்பழுப்பாகி, காற்றடித்தால் காகிதம்போல ஒலித்தன. அதைத் தோண்டியெடுக்க ஆள் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று கையைக் கவிழ்த்தார்.

அந்தக் கோடையில் ஒருநாள் மாலை நான் புல்தரையில் அமர்ந்திருந்தேன். பாதம் நனைந்தது. பார்த்தால், வேலியின் அடிப்பலகைக்குக் கீழே நீர் புகுந்து என் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. எழுந்து எட்டிப்பார்த்தேன். வாய்க்கால் நிறைந்து வழிந்தது. மேட்டைச் சுற்றிக் குளம் கட்டி, அதுவும் உடைந்து, செங்கற்களுக்கு மேலே நீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி அதே இடத்தில் இருந்தது. மண்வெட்டி அதன்மேல் சாய்ந்திருந்தது. அவர் குழாயடியில், திருகின்மேல் கைவைத்து, முதுகை எனக்குக் காட்டியபடி நின்றார்.

"அண்ணே," என்றேன். அசையவில்லை. "அண்ணே, தண்ணி வெளிய போகுது." அதற்கும் அசையவில்லை. தலையைச் சற்றே மேட்டின் பக்கம் சாய்த்து, எதற்கோ செவிகொடுத்துக் காத்திருந்தார். நீர் என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

எனக்கு அப்போது விளங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு, என் நாவுக்கு உரியதல்லாத அந்த வார்த்தைகளை, அவர் செவிடர் என்பதுபோல உரக்கக் கூவினேன்.

"காணும்! நிப்பாட்டுங்கோ!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம்," என்று சொல்லிக் குழாயை மூடினார்.